எண்ணூற்றிருபது

திரையில் கோடு எண்ணூற்றிருபது நானோமீட்டரில் உச்சி தொட்டது.

பேராசிரியர் குப்பியை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி ஒளியளவிக் கருவியில் வைத்தார்.

எண்ணூற்றிருபதுதான். வழக்கமான எண்ணூற்றைம்பது இல்லை.

குளத்துச் சேற்றில் எடுத்த ஊதா பாக்டீரியா. ஒளியைப் பிடிக்க அதனுள் நிறமிகள் வளையமாக நிற்கும். இந்த முறை குப்பிக்குக் கறுப்புத் துணி சுற்றி, மங்கிய வெளிச்சத்தில் வளர்த்திருந்தார். நிறமி அதேதான். அதைத் தாங்கும் புரதத்தில் எங்கோ ஓரிடம் மாறியிருக்க வேண்டும். வளையம் வேறு ஒளியைப் பிடித்தது.

இதே கோட்டை அவர் பதினொரு வருடம் முன்பும் பார்த்திருக்கிறார்.

அன்று குப்பியைக் கொண்டுவந்தவர் சகாயமேரி. அப்போது ஆய்வகத்தின் டெக்னீஷியன்.

"பாட்டில் மாறல சார். கீழ்த் தட்டுல வெளிச்சம் கம்மி. அதனால இருக்குமோ?"

மாணவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள்.

"பாட்டிலை மாத்தி வச்சுட்டு எனக்குப் பாடம் எடுக்காதீங்க" என்றார் அவர்.

கொதிக்கவைத்துக் கொட்டச் சொன்னார். சகாயமேரி கொட்டினார். அடுத்த மாதம் தேர்வுப் பிரிவுக்கு மாற்றல்.

தேர்வுப் பிரிவு அதே வளாகத்தில்தான். வேப்பமரங்களைத் தாண்டினால் போதும்.

ஒருநாளும் அவர் தாண்டவில்லை.

இன்று கோட்டை அச்செடுத்துக்கொண்டு போனார்.

விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவிலிருந்து சகாயமேரி நிமிர்ந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது.

பேராசிரியர் தாளை மேசையில் வைத்தார்.

"நீங்க சொன்னது சரிதாம்மா. வெளிச்சம்தான்."

சகாயமேரியின் விரல் கோட்டின் மேல் ஊர்ந்து உச்சியில் நின்றது. முகம் மலர்ந்துவிட்டது.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"எத்தனை நாள் வளர்த்தீங்க சார்?"

"பதினாறு."

"நானும் அவ்வளவுதான் வச்சேன்."

"கட்டுரையில உங்க பேரையும் போடறேன்."

சகாயமேரி தாளை அவர் பக்கமே நகர்த்தினார்.

"பேரெல்லாம் வேணாம் சார். கவனக்குறைவுன்னு நீங்க எழுதின லெட்டர் என் ஃபைல்ல இருக்கு. ரெண்டு தடவை புரமோஷன் அதுலதான் நின்னுச்சு. இந்த முப்பதாம் தேதி ரிட்டயர் ஆகறேன். அதுக்குள்ள, அது தப்புன்னு ஒரு வரி எழுதித் தர முடியுமா?"

அவர் பேனாவைத் திறந்தார்.

அப்படி ஒரு கடிதம் எழுதியதே அவருக்கு நினைவில் இல்லை.