போமா பார்க்கும் பக்கம்

விடுதி வாசலில் வெயில் ஏறுகிறது. கிரேன் கயிற்றில் போமாவின் கல்தலை தொங்குகிறது: பிதுங்கிய கண்கள், உதட்டைக் கிழித்து நீளும் கோரைப்பற்கள், வருகிறவனைப் பிடிக்க விரித்த இரண்டு கைகள். கெட்டது உள்ளே நுழையாதபடி வெளியே பார்த்து உறுமுவதுதான் அதன் வேலை. எங்கள் பாலித் தீவில் எந்தக் கோயில் வாசலிலும் அப்படித்தான். நான்கு மாதம் அதைச் செதுக்கிய லந்த்ரா அண்ணன் உளியை இன்னும் கீழே வைக்கவில்லை. மேலாளர் விதானா கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறான். “உள்பக்கமா திருப்பி வைங்கண்ணே. நீச்சல்குளத்துல இருக்கறவங்க படம் எடுக்கணும்.” அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்க்கிறார். “உள்ள பாக்குற போமாவ உங்கப்பன் எங்கயாவது பாத்திருக்காரா?” “இது கோயில் இல்லண்ணே, ஓட்டல்.” அண்ணனின் பார்வை வேலிக்கு அப்பால் போகிறது. அங்கே அவருடைய நெல்வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அதற்குப் பாய்ந்துகொண்டிருந்த வாய்க்கால் தண்ணீர் இந்தப் பக்கம், நீச்சல்குளத்தில், நீலமாகத் தளும்புகிறது. கல்தூள் படிந்த அவர் தாடை இறுகுகிறது. உளியைக் கீழே வைக்கிறார். பிறகு கிரேன்காரனைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொல்கிறார்: “திருப்புடா. இனிமே வெளிய பாத்து என்ன பண்ணப்போவுது? வெரட்ட வேண்டியதெல்லாம் உள்ளதான இருக்கு.”