இரண்டாவது மைக்

கிளிநொச்சியில் வானொலிக்குச் சிரிப்பு நாடகம் செய்துவந்தவர் தில்லைநாதன். அதில் கணவனாக அவரும் மனைவியாக அவருடைய சொந்த மனைவி அருந்ததியும் பேசுவார்கள். முல்லைத்தீவில் அருந்ததியைச் சுனாமி கொண்டுபோன பிறகு இரண்டு வருடம் அவர் வானொலி நிலையத்துப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து, இரண்டு குரலையும் ஒரே மைக்கில் தானே மாறிமாறிப் பேசிப் பதிவுசெய்தார்.

ஒலிப்பதிவாளர் சுகிர்தன் நாடாவைத் திரும்பப் போட்டுக் கேட்டான்.

“அண்ணை, நீங்கள் சண்டை பிடிக்கேக்க அக்கா சிரிக்கிறா. ரெண்டு குரலும் ஒரே நேரத்தில கேக்குது. எப்பிடிச் செய்தனீங்கள்?”

தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தரம் கேட்டார்.

“அவா அப்பிடித்தான். பகிடி முடியமுன்னமே சிரிச்சுப் போடுவா. எத்தினை தரம் ஏசியிருப்பன்,” என்றார்.

அடுத்த கிழமை அவர் கணவனின் வசனங்களை மட்டும் எழுதிக்கொண்டு வந்தார். இரண்டாவது மைக்கை அருந்ததியின் உயரத்துக்கு இறக்கி வைத்தார்.