சாவி உள்ளதா, இல்லாததா?

"இடதுதான், எழுதிக்கோ!" என்றார் டெஸ்மண்ட்.

"வலது," என்றாள் அவர் மனைவி ஹேசல். "முப்பது வருஷமா அந்த ஜன்னலைத் துடைக்கிறவ நான்."

"பத்து நாளா அதையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்கிறவன் நான்."

கவுண்டருக்கு அந்தப் பக்கம் கீத், ஆளுக்கொரு வெள்ளைக் கைப்பிடியை நீட்டியபடி நின்றிருந்தார். பார்ன்ஸ்லி ஊரில் இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் எது உடைந்தாலும் அவர் கடைக்குத்தான் வரவேண்டும். கழுத்து வளைந்த கைப்பிடி அது. இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. மாற்றி வாங்கினால் சட்டத்தில் இடிக்கும்.

"படுத்துக்கிட்டா பாத்தீங்க?" என்றார் கீத். "தலை எந்தப் பக்கம், டெஸ்?"

"ஜன்னலுக்கு அடியில. அண்ணாந்தா நேராத் தெரியும்."

"அது நேரா இல்லை, தலைகீழா. தலைகீழாப் பாத்தா வலதும் இடதாத்தான்யா தெரியும்!"

ஹேசல் கையைத் தட்டிச் சிரித்தாள். டெஸ்மண்டும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்காமல் போயிற்று. அவள் அவரை நாற்காலியில் உட்கார்த்தி முதுகைத் தடவினாள். கீத் ஏற்கெனவே அடுக்கியிருந்த பெட்டிகளைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று டெஸ்மண்டை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மாடியில் பின்னறை ஜன்னலுக்கு அடியில் கட்டில். குளிர்காலத்தில் கைப்பிடி முறிந்ததிலிருந்து அந்த ஜன்னல் திறக்கவில்லை. சாப்பாடு வேண்டாம், பேரப்பிள்ளைகளைக்கூட வரச்சொல்ல வேண்டாம். ஜன்னல் மட்டும் திறக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார் டெஸ்மண்ட். கைப்பிடியைத் தானே பார்த்து வாங்குவேன் என்று அடம்பிடித்துக் கிளம்பியும் வந்துவிட்டார்.

"மூச்சுக்குக் காத்து வேணும்ல, பாவம்," என்றார் கீத்.

ஹேசல் குனிந்து டெஸ்மண்டின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"சரி, உள்ளே போற சதுரக் கம்பி எத்தனை மில்லிமீட்டர் நீளம்?"

டெஸ்மண்ட் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். முறிந்த கைப்பிடி. அதன் மேல் தக்காளி சாஸும் ஒரு துண்டு பன்றியிறைச்சி வறுவலும்.

"காலையில உனக்குச் செஞ்சு குடுத்த சாண்ட்விச்சா அது? தின்னுட்டேன்னு சொன்னே!"

"பாதி தின்னேன். மீதியைத்தான் இதோ கீத்துக்குக் கொண்டாந்தேன்."

கீத் துடைத்து அளந்தார். நாற்பது. வலப்பக்கம். வெள்ளை.

"கடைசியா ஒண்ணு. சாவி உள்ளதா, இல்லாததா?"

"இல்லாதது!"

"உள்ளது!"

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"மாடி ஜன்னலுக்கு எதுக்குப் பூட்டு?" என்றார் டெஸ்மண்ட். "எந்தத் திருடன் ஏறி வரப்போறான்? வந்தாலும் எடுத்துட்டுப் போக உன் அக்கா குடுத்த டீக்கோப்பைங்கதான் இருக்கு. நானே இறக்கிக் குடுப்பேன்."

"உள்ள வர்றதைப் பத்தி யாரு பேசினா?"

டெஸ்மண்ட் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "அவசரத்துக்குத் திறக்கணும், ஹேசல். மூக்குக்கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டே வீடெல்லாம் தேடுறவ நீ. சாவியைத் தேடினா விளங்கினாப்பலதான்."

"பூட்டு இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"உங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நான் கடையடைக்க முடியாது," என்றார் கீத். "சாவி உள்ளதையே எடுத்துக்கங்க. சாவியை அதிலேயே விட்டுவைங்க. பஞ்சாயத்து முடிஞ்சுது."

டெஸ்மண்ட் யோசித்தார். "அதிலேயே விட்டுவைப்பியா?"

"ம்."

"சத்தியமா?"

"பாருங்க கீத், ஜன்னல் கடையில வச்சுச் சத்தியம் கேக்கறான் இந்த மனுஷன்! சர்ச்சுல ஒரு தடவை பண்ணினது பத்தலையா?"

கீத் சிரித்தார். டெஸ்மண்டும் சிரித்துவிட்டார். அப்புறம் சத்தியத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அன்று மாலையே ஹேசல் கட்டில் மேல் ஏறி நின்று கைப்பிடியைப் பொருத்தினாள். இரண்டே திருகாணி. கீழே படுத்தபடி டெஸ்மண்ட் மேற்பார்வை.

"வலப்பக்கமாத் திருகு."

"உன் வலதா, ஊர் வலதா?"

கைப்பிடியிலிருந்த பித்தானை அழுத்தித் திருப்பியதும் ஜன்னல் வழுக்கிக்கொண்டு திறந்தது. மழை வாசனையோடு பக்கத்து வீட்டு மீன் வறுவலின் வாசனையும் உள்ளே வந்தது. டெஸ்மண்ட் தலைகீழாகவே பார்த்துச் சிரித்தார். "ஒத்தை விரல் போதும் போலிருக்கே," என்றார்.

எட்டாம் நாள் காலையில், அவருக்கென்று ஊற்றிய டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தினமும் ஊசி போட வரும் நர்ஸ் லொரேன், அவர் கண்களை மூடிவிட்டு நேராக ஜன்னலுக்குப் போனாள். பித்தானை அழுத்தினாள். கைப்பிடி அசையவில்லை.

"பூட்டியிருக்கே. சாவி எங்க, கண்ணு?"

"எதுக்கு?"

"உயிர் வெளிய போக வழி வேணாமா? மூச்சு நின்னதும் நாங்க முதல்ல ஜன்னலைத்தான் திறந்துவிடுவோம். மூடிக் கிடந்தா ஆள் வீட்டுக்குள்ளயே தங்கிடுவாங்கன்னு சொல்வாங்க. உங்க டெஸ்கூட முந்தாநாள், 'ஹேசல் மறந்தாலும் நீ திறந்துவிட்டுடு'ன்னு எங்கிட்டச் சொன்னாரு."

"சாவியை எங்க வச்சேன்னு தெரியலையே," என்றாள் ஹேசல், மூடிய கையைக் கம்பளிச் சட்டைப் பைக்குள் விட்டபடி.

ஆறு வருஷம் ஆயிற்று. அந்த ஜன்னல் இன்னும் பூட்டியேதான் இருக்கிறது.