உளுந்து மூட்டைக்கு முன் சீட்டு

"மாப்ள, நீங்க பின்னால உக்காருங்க."

மாமனார் முத்துகிருஷ்ணன் இப்படிச் சொன்னதும், காரின் முன் கதவில் வைத்த கையை விஜயராஜ் எடுத்துக்கொண்டான். கோவில்பட்டி ரயில் நிலைய வாசல். தலைத் தீபாவளிக்காக சென்னையிலிருந்து மனைவியோடு வந்து இறங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

முன் சீட்டில் வேறு ஆள் இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அங்கே ஓர் உளுந்து மூட்டை உட்கார்ந்திருந்தது. அதற்கு சீட் பெல்ட் வேறு.

"மூட்டையை டிக்கியில வச்சுட்டா, நான் முன்னால வந்துருவேன் மாமா."

"அது கெடக்கட்டும் மாப்ள. நீங்களும் ஜெயாவும் பின்னால சேர்ந்து வாங்க. பெல்ட்டைப் போட்டுக்கிடுங்க."

மாப்பிள்ளை என்றால் முன் சீட்டு. எழுதி வைக்காத சட்டம் அது. காது குத்துக்குப் போனாலும் சரி, கருமாதிக்குப் போனாலும் சரி, முன்னால் ஏறுகிறவர் மாப்பிள்ளைதான். அதிலும் இவன் புது மாப்பிள்ளை. வழி நெடுக, ஜெயப்பிரியா கேட்டதற்கெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடியே தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் மீனாட்சியம்மாள், புருஷனை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஏங்க, மாப்பிள்ளை முகமே சரியில்ல. அவரைப் பின்னால உக்கார வச்சா கூட்டியாந்தீய?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"அவிய வீட்டுல தெரிஞ்சா என்ன நினைப்பாவ?"

"நினைச்சா நினைச்சுட்டுப் போறாவ. நீ தோசையை ஊத்துட்டி."

அவிய வீட்டில் அதற்குள் தெரிந்துவிட்டது. விஜயராஜ் மாடியில் நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் பொருமிக்கொண்டிருந்தான்.

"ஒரு மூட்டைக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்லைம்மா."

"தீபாவளி முடிஞ்சதும் கிளம்பி வந்துரு. இனிமே அந்த வாசல்ல நீ கால் வைக்க வேண்டாம். அவளும்தான்."

காபியோடு படியேறி வந்த ஜெயப்பிரியாவின் காதில் இது விழுந்தது. கல்யாணமாகி நாலு மாசம். பிறந்த வீட்டுக்கு அவள் வந்திருப்பது இதுதான் முதல் தடவை. டம்ளரை வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை, மாமனார் தன் பருப்புக் கடைக்கு நடந்து போன பிறகு, விஜயராஜ் கார் சாவியை எடுத்தான்.

"பட்டாசு வாங்கிட்டு வர்றேன்."

முதல் வேலையாக உளுந்து மூட்டையைத் தூக்கி வாசலில் போட்டான். அதில் ஒரு சின்னத் திருப்தி.

வண்டியைக் கிளப்பியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஓர் ஆள் உட்கார்ந்திருக்க, அவன் முன்னால் ஒரு பந்து. ஏர்பேக் விளக்கு. வழக்கமாகச் சில விநாடிகளில் அணைந்துவிடும். இது அணையவே இல்லை. உயிரைக் காப்பாற்றுகிற சமாசாரத்தைக்கூட இந்த மனுஷர் கவனிக்க மாட்டாரா? பட்டாசுக் கடைக்குப் போகாமல் எட்டயபுரம் ரோட்டில் இருந்த ஒர்க் ஷாப்புக்கு வண்டியை விட்டான்.

"ஏர்பேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. என்னன்னு பாருங்க."

மெக்கானிக் மாயகிருஷ்ணன் நம்பர் பிளேட்டை மட்டும் பார்த்தார்.

"இது முத்துகிருஷ்ணன் அண்ணாச்சி வண்டியில்லா? பாக்கவே வேண்டாம் தம்பி. கோடவுன்ல நிறுத்தியிருந்தப்ப எலி வயரைக் கடிச்சிருச்சு. அதுல கம்ப்யூட்டர் பெட்டியும் போச்சு. இடிச்சா இடது பக்கத்துப் பை விரியாது. டிரைவர் பக்கமும் சந்தேகந்தான்."

"வாரண்டி இல்லையா?"

"வண்டிக்கு ஏழு வயசு. வாரண்டி முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சு. கம்பெனியில தொண்ணூறாயிரம் சொல்லிட்டாவ."

"தெரிஞ்சுமா சரி பண்ணாம ஓட்டுறாரு? அவ்வளவு கஞ்சமா?"

மாயகிருஷ்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"வாயைக் கழுவுங்க தம்பி. போன மாசம் முழுப் பணத்தோட இங்கன வந்து நின்னாவ. 'தீபாவளிக்கு மாப்பிள்ளை வாராரு. முன்னால உக்காருவாரு. அதுக்குள்ள முடிச்சுக் குடுத்துரு'ன்னாவ. மறுநாளே போன் போட்டு, வேண்டாம்னுட்டாவ."

"ஏன்?"

"மாப்பிள்ளை வீட்டுல தலைத் தீபாவளிக்கு ஒரு பவுன்ல பிரேஸ்லெட் கேட்டுட்டாவளாம். பணத்தை அதுக்குன்னு எடுத்து வச்சுட்டாவ. அன்னையிலருந்து முன் சீட்டுல ஒரு மூட்டையை வச்சுக்கிட்டுத் திரியுதாவ, யாரும் மறந்து உக்காந்துரக் கூடாதுன்னு. தன் பக்கத்தைப் பத்திக் கவலையே இல்ல."

"அதை மாப்பிள்ளைகிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'கேட்டதைச் செஞ்சுட்டு, பெறகு சொல்லிக் காட்டச் சொல்லுதியா'ன்னுட்டாவ. வீட்டுல அக்காகிட்டக்கூட மூச்சு விடல."

விஜயராஜ் எரிகிற விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரேஸ்லெட் கேட்டது அம்மாதான். கேட்கச் சொன்னது அவன். வெட்கமாக இருந்தது.

"ஆமா, உங்களை இதுக்கு முன்னால பாத்ததில்லையே. அண்ணாச்சிக்கு ஆக்டிங் டிரைவரா வந்திருக்கீயளா?"

"ஆமா" என்றான் விஜயராஜ். "அந்தப் பார்ட்டை ஆர்டர் போடச் சொன்னாங்க. மாப்பிள்ளை பிரேஸ்லெட் வேண்டாம்னுட்டாராம்."