பழி அப்டேட் மேல்

"சிஸ்டம் அப்டேட் போட்டதுலேர்ந்துதான் தம்பி இப்படிக் கொதிக்குது," என்று லேப்டாப்பை மேஜைமேல் வைத்தார் அந்த அம்மா.

மெக்கானிக் பச்சை மூடி டப்பாவில் இருந்த மதியச் சாப்பாட்டை வழித்துத் தின்று முடித்தார். சமைத்த கைக்குத் தங்க வளையல் போட வேண்டும் என்று தினமும் போல இன்றும் நினைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார்.

அப்டேட் என்றைக்கோ முடிந்திருந்தது. பின்னணியில் எதுவும் ஓடவில்லை. ஆனாலும் அடிப்பாகத்தில் கை வைக்க முடியவில்லை.

ஸ்குரூக்களைக் கழற்றி அடிமூடியைத் தூக்கியவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஃபேன் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. அதில் ஒட்டிக்கொண்டு தலைமுடி, கரப்பான் முட்டை, கரப்பான். இடுக்கியால் ஒன்றை எடுத்து வெளியே போட்டார். அது காலை உதறியது.

"சீ! அப்டேட் மேல பழி போடுறீங்களே, உள்ள ஒரு கரப்பான் குடும்பமே குடித்தனம் நடத்துது! இதை எங்கம்மா வச்சிருக்கீங்க, சாக்கடையிலயா?"

"அடுப்புக்குப் பக்கத்துலதான் தம்பி. வர்ற ஆர்டரைப் பார்த்துப் பார்த்துத்தானே சமைக்கணும்?"

"சமைக்கிற இடமா அது? கண்ணால பார்த்தா எவனாவது வாயில வைப்பானா?"

"எங்க பார்க்கிறாங்க? எல்லாரும் போன்லயே ஆர்டர் போட்டுடறாங்க," என்ற அந்த அம்மாவின் பார்வை மேஜையோரம் போனது. முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இது நம்ம கிச்சன் டப்பா! ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கலியே தம்பி!"