ஆறு மணி விதி

"அந்தப் பொண்ணு மாட்டைக் கூட்டிட்டு வர்ற லட்சணத்தைப் பாரேன்" என்றாள் நோரீன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் லைல், பொரித்த பாலாடைக்கட்டியை மென்றபடியே எட்டிப் பார்த்தான்.

மாவட்டக் கண்காட்சியில் காலை எட்டரை மணிக்குச் சிறந்த கிடாரிக்கான போட்டி தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. இளம் விவசாயிகள் கிளப்பின் பிள்ளைகள் எட்டுப் பேர், வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட்டில், ஆளுக்கொரு கிடாரியோடு வட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒன்பதாவதாக, மூச்சு வாங்க வந்து சேர்ந்துகொண்டாள் ஷெல்பி.

அவள் முழங்காலில் சாணிக் கறை. தலைமுடியில் வைக்கோல். மாட்டின் தொடையிலும் சாணி காய்ந்து அப்பியிருந்தது.

"கொட்டாவி வேற. நேத்து ராட்டினத்துல ஆடின களைப்பு போல" என்றாள் நோரீன்.

"சின்னப் பொண்ணு. விடு."

"பதினஞ்சு வயசு. நம்ம ராய்ஸுக்கும் அதே வயசுதான். அவன் எப்படி நிக்கிறான் பாரு."

மகன் ராய்ஸ் விறைப்பாக நின்றான். அவன் ஒரு வருஷமாக வளர்த்த கிடாரி ஜூனிபரின் உடம்பு பட்டுப்போல மின்னியது.

நடுவர் ஒவ்வொரு மாடாகத் தடவிப் பார்த்தார். முதல் ரிப்பன் ராய்ஸுக்கு. ஷெல்பிக்குக் கடைசி இடம்.

"மாட்டைக் கழுவக்கூட நேரம் கிடைக்கலையாம்மா?" என்று நடுவர் மைக்கிலேயே கேட்டார்.

"தப்புதான் சார்" என்றாள் ஷெல்பி. வெளியே போகிற வழியில் ராய்ஸுக்குக் கை கொடுத்துவிட்டு, ஜூனிபரின் வயிற்றை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள்.

நோரீனுக்கு மனசு ஆறவில்லை. ரிப்பனோடு மகனை நிற்கவைத்துப் போட்டோ எடுத்த கையோடு, தொழுவப் பொறுப்பாளர் டார்லாவின் அறைக்குப் போனாள்.

"ஒரு புகார் கொடுக்கணும், டார்லா."

"யார் மேல?"

"ஷெல்பி மேல. காலையில ஆறு மணிக்குள்ள வந்து அவங்கவங்க மாட்டை அவங்கவங்களே கவனிக்கணும், இல்லேன்னா போட்டியில இருந்து நீக்கி, அடுத்த வருஷமும் சேர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கா இல்லையா?"

"இருக்கு. போன வருஷம் பெற்றோர் கமிட்டியில நீங்கதானே கொண்டுவந்தீங்க."

"ஆமா. பிள்ளைங்களுக்குப் பொறுப்பு வரணும்னுதான் கொண்டுவந்தேன். இன்னைக்கு எட்டு மணிக்கு நாங்க உள்ள நுழையறோம், அப்பத்தான் அந்தப் பொண்ணு தன் மாட்டுக்குத் தண்ணி தூக்கிட்டு ஓடுது. என் கண்ணால பார்த்தேன்."

டார்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மேஜையிலிருந்து புகார்ப் படிவம் ஒன்றை உருவினாள்.

"எழுதறேன். ஆனா எழுதினா முழுசா எழுதணும், நோரீன். பரவாயில்லையா?"

"தாராளமா எழுதுங்க. எனக்கு அவ மேல பகையா என்ன? மத்த பிள்ளைங்களுக்கு நியாயம் வேணும், அவ்வளவுதான்."

"ஷெல்பி அஞ்சரை மணிக்கே வந்துட்டா" என்றாள் டார்லா.

"அப்புறம் ஏன் மாட்டைக் கவனிக்கலை?"

"உங்க ஜூனிபரைக் கவனிச்சிட்டு இருந்தா."

"எங்க ஜூனிபரையா?" என்றாள் நோரீன்.

"அவ வந்தப்போ ஜூனிபருக்கு வயிறு ஊதி, மூச்சுவிட முடியாம தவிச்சிட்டு இருந்துச்சு. பக்கத்துல யாரும் இல்லை. ஓடி வந்து என்னைக் கூப்பிட்டா. நான் உங்களுக்கு மூணு தடவை போன் பண்ணேன், நீங்க எடுக்கலை."

"போட்டி நாளாச்சே, ராய்ஸ் நல்லா தூங்கி எழட்டும்னு…" என்று இழுத்தாள் நோரீன்.

"நான் எண்ணெய் புகட்டினேன். மாட்டைப் படுக்கவிட்டா போச்சு, நடத்திக்கிட்டே இருக்கணும். அவதான் ரெண்டு மணி நேரம் கயிறைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா. வயித்து வீக்கம் இறங்கினப்புறம் உங்க தொழுவத்துலயே கொண்டுபோய்க் கட்டிட்டு, தன் மாட்டுக்கிட்ட ஓடினா. அதைத்தான் நீங்க பார்த்திருக்கீங்க."

வெளியே அடுத்த போட்டிக்குப் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நோரீன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அவளாவது ராய்ஸ்கிட்ட சொல்லியிருக்கலாமே. கடைசி இடத்துல போய் நின்னு, எல்லார் முன்னாடியும் பேச்சு வாங்கிட்டு…"

"நான் சொல்லத்தான் போனேன். அவதான் என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டா. அவ பேச்சைக் கேட்டு நானும் வாயை மூடிக்கிட்டேன், அது என் தப்புதான்."

"என்ன சொன்னா?"

டார்லா படிவத்தை நோரீன் பக்கமாகத் தள்ளிவைத்தாள்.

"'ராய்ஸ் ஆறு மணிக்கு வரலைன்னு வெளிய தெரிஞ்சா அவனை நீக்கிடுவாங்க, டார்லா. ஒரு வருஷமா வளர்த்திருக்கான். அவங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, விதியை மீறுறதுன்னா அவங்களுக்குச் சுத்தமா பிடிக்காது'ன்னு சொன்னா."