நாற்பத்தொன்றாவது பாட்டு

"ஏனுங்கக்கா, இந்தத் தாளைக் கிழிச்சது யாருங்க?"

சபரீஷ் நோட்டைத் தூக்கிப் பிடித்தார். நாற்பதாவது பாட்டுக்கு அடுத்து நாற்பத்திரண்டு. நடுவில் கிழிந்த விளிம்பு பல்லிளித்தது.

சின்னத்தாயி தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தானுங்க தம்பி."

பீளமேட்டில் சபரீஷ் நடத்தும் ஆவணக் காப்பகம் அது. அந்தக் காலத்தில் நாடகக் கொட்டகை வைத்திருந்த தாத்தா பாலுசாமியின் பெயரில் ஆரம்பித்தது. நாடகம் சம்பந்தப்பட்ட துண்டுச் சீட்டானாலும் இங்கே பத்திரமாக இருக்கும் என்று பேரன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அதை நம்பித்தான் சின்னத்தாயி கொடுமுடியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் டிரங்குப் பெட்டி. உள்ளே, நாடகங்களுக்குப் பாட்டு எழுதிய அப்பா ஆறுச்சாமியின் நோட்டுகள்.

"பெத்த அப்பன் எழுதுனதுங்க. கிழிக்க எப்படிங்க மனசு வந்துச்சு?"

"அது ஒரு ஆளை நக்கலடிச்ச பாட்டுங்க. உங்களுக்கு வேணாமுங்க."

"நக்கலா இருந்தா இருக்கட்டுமுங்க! வரலாற்றுல ஒரு எழுத்தைக்கூட நாம மறைக்கப்படாது. அது பாவமுங்க. அந்தப் பாட்டு வராம இந்தப் பெட்டியை நான் எடுத்துக்க முடியாதுங்க."

கறாராகச் சொல்லிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தார். மணி ஒன்றரை ஆகியிருந்தது. எலுமிச்சை சாத வாசனை அறை முழுக்கப் பரவியது.

சின்னத்தாயி பெட்டியைப் பார்த்தார். ஒழுகுகிற வீட்டில் ஏற்கெனவே ரெண்டு நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. திருப்பிக் கொண்டுபோனால் மிச்சமும் போய்விடும். அப்பா பேரைச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

கைப்பையைத் துழாவி, நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். "கிழிச்சனே தவிர, தூக்கிப்போட மனசு வரலைங்க."

"அப்படி வாங்க வழிக்கு!"

சபரீஷ் ஜெயித்த குஷியில் சத்தமாகவே படித்தார்.

"சாப்புட்டுப் போலாமுங்க, சாப்புட்டுப் போலாமுங்க,
சட்டியக் கமுத்திப்போட்டுச் சொல்லுவாரு!
கூத்தாடி வயித்துக்குக் கும்புடு மட்டும் போடுவாரு
கொட்டாய்க்காரர் பாலுசா..."

குரல் அங்கேயே நின்றது. சுவரில் மாலை போட்ட படத்திலிருந்து தாத்தா கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குத்தானுங்க வேணாம்னேன்," என்றார் சின்னத்தாயி மெதுவாக. "பேரனுக்குச் சங்கடமா இருக்குமுங்களே."

சபரீஷ் தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்து பதிவேட்டில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: '41-ஆவது பாட்டு: கரையான் அரித்துவிட்டது.'

"பெட்டியை எடுத்துக்குவீங்களா தம்பி?"

"தாராளமாங்க!" கை கூப்பி எழுந்தார் சபரீஷ்.

"இவ்வளவு தூரம் வந்துபோட்டுச் சும்மா போவீங்களாக்கா? சாப்புட்டுப் போலாமுங்க!" என்றார், டிபன் டப்பாவை மூடி டிராயருக்குள் தள்ளிக்கொண்டே.